வாசலில் மாட்டிய பச்சைப் பட்டை

பூமிக்குள் ஆயிரத்து இருநூறு அடி துளைத்தாலும் ஈரமண்கூட வராத எங்கள் கரட்டுப்பாளையத்தில் இருந்துதான் நாட்டின் பாதி ஊர்களுக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் கிளம்பிப் போகின்றன. போன வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறது, எத்தனை அடி போயிருக்கிறது, எதில் பழுது, எப்போது திரும்பும் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்துக்கொள்ளும்படி ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் என் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்திருந்த கோகிலவாணி. அந்தப் புரோகிராமில் இருந்து ஒரு நிபந்தனை நழுவி மேஜைமேல் விழுந்த செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. அதற்கு முன்னால் நம்பினோமா என்று கேட்டால், அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

கோகிலவாணிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அவள் புருஷன் பதினேழு வருடத்துக்கு முன்னால் ரிக்கோடு ராய்ப்பூர் பக்கம் போனான், ரிக் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று டிரைவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னார்கள். நான்கு வயது மகள் தாரணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படித்து, அங்கேயே சொல்லிக் கொடுத்து, பிறகு சொந்தமாகப் புரோகிராம் எழுத ஆரம்பித்தவள் அவள். ஊரில் நாற்பத்து இரண்டு ரிக் ஏஜெண்டுகள் அவள் புரோகிராமை வைத்திருந்தார்கள், ஆனால் அதில் எதையாவது தேட வேண்டும் என்றால் நாற்பத்து இரண்டு பேரும் அவளுக்குத்தான் போன் போட்டார்கள். எண்ணூறு அடிக்கு மேல் போகிற வண்டி, பழுது இல்லாதது, கர்நாடகாவில் நிற்பது, எடுத்துக் கொடு அம்மணி என்பார்கள், அவள் சோற்றுக் கையோடு எழுதிக் கொடுப்பாள்.

இது தாங்காமல்தான் எட்டு மாதம் உட்கார்ந்து அந்தச் சல்லடை ஜன்னலைச் செய்தாள். திரையில் அதைத் திறந்தால் ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு பச்சைப் பட்டையாக இருக்கும். பட்டையில் மூன்று குழி: எதைப் பற்றி, எப்படி, எவ்வளவு. ஆழம், அதிகம், எண்ணூறு என்று தேர்ந்தெடுத்தால் அது ஒரு பட்டை. மாநிலம், சமம், கர்நாடகா என்றால் அது இன்னொரு பட்டை. பட்டைகளை மவுஸால் இழுத்துக்கொண்டுபோய் ஒரு சட்டத்துக்குள் போட வேண்டும், சட்டத்தின் தலையில் 'எல்லாம்' என்றோ 'ஏதாவது ஒன்று' என்றோ வைக்க வேண்டும், அவ்வளவுதான், சலித்த வண்டிகள் மட்டும் கீழே வரிசையாக நிற்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவரும் செய்யலாம். பட்டையைச் சட்டத்துக்குள் போட்டால் என்ன ஆகும், இன்னொரு பட்டையின் மேல் போட்டால் என்ன ஆகும், குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாவற்றுக்கும் எழுதி வைத்தவள், ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதவில்லை. யார் அப்படிச் செய்வார்கள் என்று விட்டுவிட்டதாக என்னிடம் பின்னால் சொன்னாள்.

ஏஜெண்ட் சென்னியப்பன் செய்தார். போனில் யாரையோ திட்டிக்கொண்டே பட்டையை இழுத்தவர், திட்டுகிற வேகத்தில் ஜன்னலைத் தாண்டி, திரையையும் தாண்டி இழுத்து விட்டுவிட்டார், பட்டை மேஜைமேல் விழுந்தது. ஒரு சாண் நீளம், அப்பளத்தின் கனம். 'பழுது, சமம், இல்லை' என்று அதில் எழுதியிருந்தது. கோகிலவாணி வந்தால் காட்டலாம் என்று ஆபீஸ் கதவு நிலையில் அதைச் செல்லோ டேப்பால் ஒட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் தன் ஆபீசுக்குள் போகவே இல்லை. காலையில் வருவார், படி ஏறுவார், கதவுக்கு ஒரு அடி முன்னால் நின்று சட்டைப்பையைத் தடவுவார், எதையோ மறந்தவராகத் திரும்பி எதிர் டீக்கடைக்குப் போய்விடுவார். அவருக்குச் சர்க்கரை வியாதி, பட்டையின் கணக்கில் அதுவும் ஒரு பழுது. காது கேட்காத கணக்குப்பிள்ளையும் அப்படியே வந்து பையைத் தடவிவிட்டுப் போனார், முட்டி ஆபரேஷன் செய்த மச்சினனும் போனான், சொத்தைப் பல் டிரைவர்களும் போனார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, யாருக்கும் மனம் நோகவில்லை, ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் வேறொரு அவசர வேலை நிஜமாகவே ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் கோகிலவாணி போனாள், நேராக உள்ளே நுழைந்தாள், நிலையில் இருந்த பட்டையைப் பார்த்தாள், உரித்தாள், உடனே டீக்கடையில் இருந்து சென்னியப்பன் எழுந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவளிடம் பழுது எதுவும் இருக்கவில்லை. அது பின்னால் வந்தது.

விஷயம் தெரிந்ததும் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, நமக்கு ஒன்று கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். கோகிலவாணி மாட்டேன் என்றாள், இது தன் தப்பு, ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும் என்றாள். அவள் அந்த ஒரு வரியை எழுதி நாற்பத்து இரண்டு ஆபீசுக்கும் கொண்டுபோய்ப் போடுவதற்குள் ஏஜெண்டுகள் சொந்தக்காரர்களுக்கு, சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்களுக்கு, வேண்டியவர்களுக்கு என்று கூடை கூடையாக இழுத்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்குள் மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால் பச்சைப் பட்டை இல்லாத வாசல் எங்கள் ஊரில் அபூர்வம். என் கடையிலும் ஒன்று இருந்தது. மருந்துக்கடைக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம், அதில் என்ன எழுதியிருந்தேன் என்றும் கேட்க வேண்டாம்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் புரோகிராம் ரிக் வண்டிக்காகச் செய்தது, ஆகையால் பட்டையின் முதல் குழியில் ஆழம், பழுது, டீசல், மாநிலம், கிளம்பிய நாள், திரும்பிய நாள் இவற்றைத் தவிர வேறு எதையும் வைக்க முடியாது. ஊர்க்காரர்கள் தங்கள் மனதில் இருப்பதை எல்லாம் இந்த ஆறுக்குள் அடக்க வேண்டியதாயிற்று. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ஒருவர், மனதில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுகிறவர்கள் வரக் கூடாது என்று 'ஆழம், குறைவு, முந்நூறு' என்று மாட்டினார். அன்றில் இருந்து அவர் வீட்டுக்குள் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் என் மைத்துனனும் மட்டும்தான் போய்வர முடிந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பெண் ஊர்க்காரர்களும் மாப்பிள்ளை ஊர்க்காரர்களும் மட்டும் வரட்டும் என்று நினைத்து, மாப்பிள்ளை கர்நாடகா, பெண் தமிழ்நாடு, ஆகவே இரண்டு பட்டைகளையும் சேர்த்து 'எல்லாம்' என்ற சட்டத்தில் போட்டு மண்டப வாசலில் கட்டிவிட்டார். கர்நாடகாவாகவும் தமிழ்நாடாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறவர் யார் இருக்கிறார்? அறுநூறு பேர் வந்து அறுநூறு பேரும் எதையோ மறந்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் வீடு வைத்திருந்த தரகர் துரைசாமி மட்டும் உள்ளே போய், அறுநூறு இலைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகும் யாரும் கோகிலவாணியிடம் போய் 'ஏதாவது ஒன்று' என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

முதலில் பட்டையை எழுத்து தெரிகிற மாதிரி மாட்டினார்கள். எழுத்தைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். ஆகவே எழுத்துப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் ஊர் நிஜமாகவே கெட்டது. எந்த வீட்டுப் பட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாது; வாசல்வரை போய் ஒருவர் திரும்பினால், அவர் சிலிண்டர் புக் பண்ண ஞாபகம் வந்து திரும்பினாரா, அந்த வீடு அவரைத் திருப்பியதா என்று அவருக்கே தெரியாது, பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கு மட்டும் தெரிந்ததுபோல இருக்கும். மறதி அவமானம் ஆயிற்று. ஒருவர் வாசலில் சட்டைப்பையைத் தடவினால் தெருவே நின்று பார்த்தது. அதனால் எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் இரண்டு கையாலும் எதையாவது பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் வந்தது, ஒரு சீப்பு வாழைப்பழமாவது, வெறும் கட்டைப்பையாவது. பட்டையை எல்லோரும் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்ட வேண்டும் என்று முடிவு செய்ய வணிகர் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். சங்க வாசலில் யார் என்ன மாட்டியிருந்தார்களோ, நான்கு பேர்தான் உள்ளே வந்தோம்.

ரொம்பப் பேர் மாட்டியிருந்தது எது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். 'மாநிலம், சமம், தமிழ்நாடு.' ரிக் வண்டியில் சேற்றில் நின்று துளை போடுகிற பையன்கள் சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கத்தில் இருந்து வந்தவர்கள்; எங்கள் ஊர் அவர்கள் உழைப்பில் சாப்பிடுகிறது, வீட்டுக்குள் வருவதைத்தான் விரும்பவில்லை. முன்பு முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவர்களே வாசலில் நின்று எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது. ஊரில் இருந்த கர்ப்பிணிகள் எல்லாம் மறதிக்காரர்களாக ஆனார்கள். தாய் வீட்டு வாசலில் நின்று மாத்திரையை மறந்துவிட்டேன் என்று திரும்புவார்கள், நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே ஸ்கேன் ரிப்போர்ட் ஞாபகம் வந்து திரும்புவார்கள். டாக்டரம்மா இரும்புச்சத்துக் குறைவு என்று எழுதிக் கொடுத்தார், நான் மாத்திரையை டப்பா டப்பாவாக விற்றேன். வாங்க வந்தது மாமியார்களும் புருஷன்களும்தான். அந்தப் பெண்களே வந்த சில நாட்களில், என் கடைப் படிவரை வந்துவிட்டு மருந்துச் சீட்டை விட்டுவிட்டேன் என்று போவதை நானே பார்த்தேன், பாவம், ரத்தசோகை முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கோகிலவாணி வீட்டு வாசலில் மட்டும் பட்டை கிடையாது என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். செஞ்சவளே நான், எனக்கெதுக்கு அது என்பாள். நாங்கள் நம்பவில்லை. செய்தவளிடம்தான் ஊரிலேயே பெரிய பட்டை இருக்கும், எல்லா வீட்டையும் அடைக்கிற தாய்ப்பட்டை அவளிடம் இருக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் பெஞ்சாதி தெய்வானை மட்டும் அவளுக்காகச் சண்டை போட்டாள்.

மகள் தாரணி பட்டைகள் வருவதற்கு முந்தைய வருடம் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை சுக்ராம், சத்தீஸ்கர்க்காரன், எங்கள் ஊருக்கு வந்து ஏழு வருடம், எங்களைவிட நன்றாகக் கொங்கு பேசுவான். ரிக் ஷெட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரு அறையும் ஒரு சமையல் இடமுமாகக் குடியிருந்தார்கள். கோகிலவாணி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ரிக்கில் போனவன் ஒருத்தன் திரும்பி வராததைப் பார்த்தவள், இன்னொரு ரிக்குக்காரனை, அதுவும் அதே ராய்ப்பூர்ப் பக்கத்துக்காரனை எப்படி நம்புவாள் என்று நாங்களே அவளுக்காகப் பேசிக்கொண்டோம். தீபாவளிக்கு அவன் ஸ்வீட் பாக்ஸோடு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மாமியார் வீட்டு கேட்வரை வந்தான். கேட்டைத் திறந்தான், நின்றான், கம்ப்ரசர் ஹோஸ் குழாய் கழன்று கிடக்கிறது என்று ஞாபகம் வந்து, பெட்டியைத் தாரணி கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினான். பொங்கலுக்கும் அப்படியே. மொத்தம் பதினோரு தடவை. தன் ஞாபக சக்தியே சரியில்லை என்று என்னிடம் வந்து வல்லாரை மாத்திரை கேட்டவன் அவன். கடைக்குள் வரவில்லை, ரோட்டில் நின்று கேட்டான், நான் எட்டிக் கொடுத்தேன்.

தாரணிக்கு நாள் தள்ளிப்போன முதல் நான்கு மாதம் அம்மா வீட்டுக்கு வந்துபோனாள். குழந்தை வயிற்றில் புரள ஆரம்பித்த பிறகு மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் கேட்டோடு திரும்பினாள். இரும்புச்சத்துதான் என்று அம்மாவும் நம்பினாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்து, வளையல் போட்டு, மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க வேண்டும் என்பதுதான் கோகிலவாணியின் ஒரே ஆசை. தாரணி போனதில் இருந்து வெறிச்சென்று கிடந்த வீட்டில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்க வேண்டும், அதற்காக மாப்பிள்ளையைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவள் தெய்வானையிடம் சொல்லியிருக்கிறாள்.

ஊர்ப் பெண்கள் வரத் தயங்கினார்கள். உள்ளே விடாமல் திருப்பிவிட்டால் நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமே என்றார்கள். தெய்வானை முன்னால் நடந்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள், ஏழு பேர் கையிலும் தாம்பாளம். ஏழு பேரும் தடையில்லாமல் உள்ளே போய்விட்டதும் அவர்களுக்கே ஆச்சரியம். நாற்காலி போட்டு, சந்தனம் கரைத்து, ஐந்து வகைச் சோறு கிளறி, கண்ணாடி வளையல் அடுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சுக்ராம் இறங்கினான், கேட்வரை வந்தான், நின்றான், ஹோஸ் என்று ஏதோ சொன்னான். பின்னால் தாரணி இறங்கி, இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், கேட்டுக்குள் ஒரு கால் வைக்கப் போனவள் நின்று முந்தானையைத் தடவினாள். "அம்மா, ஊசி போடற அட்டைய விட்டுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வந்தர்றேன்" என்றாள். ஆட்டோ திரும்பிப் போயிற்று.

வளையலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஏழு பெண்களும் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே பந்தல்காரனோடு நின்ற நானும் பார்த்தேன். கோகிலவாணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பச்சைப் பட்டையை எடுத்தாள். அவளிடமும் இருந்திருக்கிறது. எங்கள் சந்தேகம் பொய் இல்லை என்று எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். தாய்ப்பட்டை எல்லாம் இல்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கிற அதே மாநிலப் பட்டைதான்.

தெய்வானைதான் முதலில் கேட்டாள், தாரணி நம்ம ஊர்ப் பிள்ளைதானே, அவளை எதற்குத் திருப்பியது என்று. கோகிலவாணி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளத் திருப்பல. வயித்துல இருக்கறதத் திருப்பியிருக்குது. அதுக்கு இன்னும் எந்த ஊருன்னே எழுதல. காலியா இருக்கறது எதுக்கும் சமமில்லீங்க்கா. தமிழ்நாட்டுக்கும் சமமில்ல, சத்தீஸ்கருக்கும் சமமில்ல. இத நாந்தான் எழுதுனேன்."

ஏழு பெண்களில் இரண்டு பேருக்குக் கட்டிக் கொடுத்து மாசமாக இருக்கிற மகள் இருந்தாள். அவர்கள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, மறதிக்காரக் கர்ப்பிணிகள் ஏன் மறந்தார்கள் என்று. ஆனால் பகலில் ஸ்டூல் போட்டு ஏறினால் அந்த வீட்டில் அது இருந்தது என்று தெரிந்துவிடும், ஆகவே முதலில் மற்றவர்கள் கழற்றட்டும் என்று ஒவ்வொரு வீடும் காத்திருந்தது. கோகிலவாணி தன் பட்டையை உரலில் போட்டு இடித்துத் தூளாக்கிச் சாக்கடையில் கொட்டினாள். என்னைக் கூப்பிட்டு, வாசலில் இப்போது ஒன்றும் இல்லை என்று தாரணியிடம் போய்ச் சொல்லச் சொன்னாள்.

நான் போய்ச் சொன்னேன். தாரணி படுத்திருந்த இடத்தில் இருந்து எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை. "முன்னாடியும் அப்படித்தான மாமா சொன்னாங்க" என்றாள். பிறகு, அவர் பதினோரு தடவை வாசல்ல நின்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு, அம்மா ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தாங்க என்றாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, லைன் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், அம்மா வீட்டுக்கு வருவதாக இல்லை என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துக் காலையில் கோகிலவாணி கடைக்கு வந்து நின்றாள். கையில் வளையல் டப்பா. துணைக்கு வாங்கண்ணா என்றாள், தனியாகப் போக பயமாக இருக்கிறது என்றாள். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. மகள் வாசலில் என்ன மாட்டியிருப்பாளோ என்ற பயம்தான், எனக்கும் அதுதான் இருந்தது. அவள் செய்ததற்கு அவர்கள் திருப்பிச் செய்யாமல் இருந்தால்தான் அதிசயம்.

லைன் வீடுகளுக்கு முன்னால், போர்க் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப்புகள் அடுக்கிக் கிடந்தன. தாரணியின் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது, கதவுக்குப் பின்னால், நிலைக்கு மேலே ஆணியில் பச்சையாக எதுவோ தொங்கியது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. கோகிலவாணி வாசலுக்கு இரண்டு அடி முன்னால் நின்றாள். அவள் கை இடுப்பில் சொருகியிருந்த வீட்டுச் சாவிக்குப் போயிற்று.

"அண்ணா, அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டனுங்ணா."

லைன் வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தார்கள், ஷெட்டில் இருந்து இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள், எங்கள் ஊர் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். கோகிலவாணி திரும்பினாள், இரண்டு எட்டு நடந்தாள். பிறகு அங்கே கிடந்த ஒரு கேசிங் பைப்பின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதத்தில் எங்கள் ஊரில் வாசலில் ஞாபகம் வந்த ஒருவரும் அந்த வேலை கெட்டால் கெடட்டும் என்று அங்கேயே இருந்து பார்த்ததில்லை. எல்லோருக்கும் அந்த வேலை அவ்வளவு அவசரமாகத் தோன்றியது.

சத்தம் கேட்டுத் தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், இடுப்புச் சாவியில் இருந்த கையைப் பார்த்தாள்.

"என்னம்மா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஆமா கண்ணு. பால் அடுப்புல இருக்குது." கோகிலவாணி எழுந்து நின்றாள். "பொங்குனா பொங்கட்டும். வீடே எரிஞ்சாலும் எரியட்டும். நீ வேண்டாம்னு வாயால சொல்லு, போயிர்றேன். கதவு சொல்லி நான் போகமாட்டேன்."

தாரணி வழியை விட்டு நகரவில்லை. உள்ளே இருந்து சுக்ராம் வந்து, அவளை ஒரு பக்கமாக நகர்த்தி நிறுத்திவிட்டு, "உள்ள வாங்கத்தே, வெயிலு" என்றான். கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். நிலைப்படி இடித்துக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சின்ன அறையில் நான்கு பேருக்கு உட்கார இடம் இல்லை, நான் கதவோரம் நின்றேன். அப்போதுதான் தெய்வானையிடம் இருந்து போன் வந்தது. கோகிலவாணி வீட்டில் இருந்து புகை வருகிறது, பூட்டை உடைத்து உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டோம், பால் குண்டான் அடி கருகி ஓட்டையாகிவிட்டது, சமையல்கட்டுச் சுவரெல்லாம் கரி, வேறு சேதம் இல்லை என்றாள். நான் போனை வைத்துவிட்டு அதை அப்படியே சொன்னேன்.

பால் நிஜமாகவே அடுப்பில் இருந்திருக்கிறது.

கோகிலவாணி தலையை உயர்த்தி நிலைக்கு மேலே பார்த்தாள். ஆணியில் தொங்கியது சுக்ராமின் மழைக்கோட்டு, வாங்கின நாளில் இருந்து பச்சை. "எங்கூட்டுல பட்டையே இல்லம்மா" என்றாள் தாரணி. "எதுக்கு மாட்டணும், எங்கூட்டுக்கு யாரு வர்றாங்க?" அப்போதுதான் கோகிலவாணி அழுதாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, நகம் பெயர்ந்த விரலில் ரத்தம் வழிய. தாரணி வளையல் டப்பாவைப் பார்த்தாள், கையை நீட்டினாள். அம்மா அவசரமாக ஏற்றியதில் முதல் இரண்டு வளையல் உடைந்துவிட்டன, மூன்றாவது ஏறியது. அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி இருவரும் அன்று பேசவில்லை. சமையல்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சுக்ராம்தான் சொன்னான்.

காயத்துக்குக் கட்டுப் போட மருந்து எடுத்து வருகிறேன் என்று நான் கிளம்பினேன், சுக்ராமும் கூட வந்தான். கடைக்கு வந்ததும் நான் படி ஏறினேன். அவன் படிக்குக் கீழே நின்று சட்டைப்பையைத் தடவினான். கதவைத் தாளிட்டேனா தெரியவில்லை, ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன் அண்ணா என்றான். கதவு தாளிடவில்லை என்பது உண்மைதான், உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே, எதற்குத் தாளிட வேண்டும். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நேரம் காலை பத்தரை, கடைத்தெருவில் கூட்டம். நான் ஸ்டூலைக் கொண்டுவந்து வெளியே போட்டேன். ஏறி, ஷட்டருக்குப் பின்னால் கையை விட்டு, 'மாநிலம், சமம், தமிழ்நாடு' என்ற என் பட்டையை எடுத்து, எழுத்து தெரியும்படி எல்லோரும் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், பிறகு இரண்டாக உடைத்தேன். எத்தனை கர்ப்பிணிகள் அந்தப் படியில் இருந்து திரும்பிப் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உள்ள வா சுக்ராம் என்றேன். வந்தான்.

எதிர் மளிகைக்கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு கடைக்குள்ளே போனார். ஸ்டூலைத் தேடத்தான் போனார் என்று நினைக்கிறேன், வேறு எதையோ மறந்துவிட்டுப் போனாரோ, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.